எட்டு வெள்ளி கொடுத்து வாங்கிய தொட்டாற்சிணுங்கி விதை முளைக்கவில்லை

ரவாங் (மலேசியா) வாசகர், பிப்ரவரி 8

மகளுக்குப் பள்ளியில் ஏதாவது ஒரு செடியை விதையிலிருந்து வளர்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் பச்சைப்பயறு போடுகிறார்கள், எனக்குத் தொட்டாற்சிணுங்கிதான் வேண்டும் என்று அடம். நாங்கள் இருப்பது பத்தாவது மாடி. இணையக் கடை ஒன்றில் எட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பொட்டலம் வாங்கி, ஈரப் பஞ்சில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. இது விதையில் வராது, வேரோடு பிடுங்கி நட்டால்தான் வரும் என்கிறார் அலுவலக நண்பர். அப்படியா?

பிப்ரவரி 8, இரவு

எட்டு வெள்ளியா? சுங்கை சிப்புட் பக்கம் வாருங்கள், என் வீட்டுக்குப் பின்னால் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. தோட்டத்தில் இதை ஒழிக்கச் சம்பளம் கொடுத்தார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விதையில் நன்றாக வரும். அது ஊரெல்லாம் பரவியதே விதையால்தான். உங்கள் விதை செத்திருக்காது. தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் என்ன, மண்ணுக்குள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் ஜாதி அது.

நான் தோட்டத்து நர்சரியில் இருந்தவன். செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்று நட்ட நிலத்தில் ஊடே மூடுபயிர் போடுவோம்: புவேரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா. மூன்றும் அவரைக் குடும்பம், தொட்டாற்சிணுங்கிக்குச் சொந்தக்காரர்கள். மூட்டையைப் பிரித்து அப்படியே தூவினால் பெரும்பாலான விதை மண்ணில் தூங்கும். அதனால் முதல்நாள் சாயங்காலமே வாளியில் கொட்டி, கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கலந்து, கை வைக்க முடியாத சூட்டில் ஊற்றி, இரவு முழுக்க விட்டுவிடுவோம். காலையில் வடித்து ராக் பாஸ்பேட் பொடியில் பிரட்டினால் விதை நிலத்துக்குப் போகத் தயார். உங்கள் விதைக்கும் இதே வைத்தியம்தான். வாளி வேண்டாம், ஒரு கோப்பை போதும். பாஸ்பேட்டும் வேண்டாம்.

அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். அப்புறம் அது சுண்டல்தான்.

பிப்ரவரி 9

உப்புத்தாளில் விதையைத் தேய்க்கலாமா என்று தைப்பிங் அக்கா கேட்டதற்காக: அதுவும் சரிதான். விதை தட்டையாக, பழுப்பாக, துவரம்பருப்பைவிடச் சின்னதாக இருக்கும். வெந்நீரில் கிடந்த விதையைக் காலையில் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் குடித்தது உப்பி, பளபளப்பு போய், நகம் பட்டாலே அமுங்கும். குடிக்காதது நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அந்தப் பிடிவாதக்காரர்களை மட்டும் துடைத்து, உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். நகவெட்டியால் ஓரத்தில் ஒரு துளி கிள்ளியும் விடலாம். ஆனால் கூர்முனைப் பக்கம் கிள்ள வேண்டாம், முளை அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பக்கம் கிள்ளுங்கள்.

பெரிய அளவில் செய்பவர்கள் கந்தக அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு. வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

பிப்ரவரி 14

"விதை உப்பிவிட்டது ஐயா, இனி?" என்கிறார் ரவாங் தம்பி.

பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். இதற்கு ஆணிவேர். முளை விட்டதும் நேராகக் கீழே இறங்கும். பஞ்சில் இறங்கிய வேரைப் பிரித்து எடுக்கும்போது பாதி அங்கேயே நின்றுவிடும். கடைசிவரை எந்தச் சட்டியில் வளரப் போகிறதோ அதிலேயே போட்டுவிடுங்கள். சாதாரண மண்ணும் ஆற்று மணலும் கலந்தால் போதும். விதை மறையும் அளவுக்கு மேலே லேசாக மண், ஈரம் காயாமல் தெளிப்பு. நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு வாரத்தில் தலை காட்டும், சிலது இன்னும் தாமதிக்கும்.

கோழி உரம், கடை உரம் எதுவும் வேண்டாம். அவரைக் குடும்பம் என்று சொன்னேனே, வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். மூடுபயிர் போடுவதில் பாதிக் காரணம் இதுதான்.

சட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். என் வீட்டம்மா ரப்பர் பால் பிடித்த பழைய மங்குகளில் விதை போட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தார். பார்க்க அழகுதான். ஆனால் பால் ஒழுகாமல் இருக்கச் செய்த மங்கு தண்ணீரையும் ஒழுக விடாது. நாற்று கழுத்தில் கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. இப்போது அந்த மங்குகளில் பேனா நிற்கிறது.

பிப்ரவரி 24

படம் பார்த்தேன். வாழ்த்துகள் பாப்பா!

முதலில் வந்திருக்கும் அந்தத் தடித்த இரண்டும் விதையிலை. அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்து வரும் இறகு மாதிரி இலைதான் ஆட்டக்காரன். அது ஒற்றை இறகாக வரும். இரண்டு நான்காகக் கிளைத்த இலை அதற்கப்புறம்தான், அதனால் கடைக்காரன் வேறு விதை கொடுத்துவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

மார்ச் 2

கிள்ளான் அண்ணன் எழுதியிருக்கிறார்: "ரோட்டோரம் கிடப்பதை மண்வெட்டியால் தோண்டி எடுப்பதை விட்டு வெந்நீராம், உப்புத்தாளாம். வேலையில்லாதவன் பூனைக்குச் சவரம் செய்த கதை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது சட்டியில் வைக்கிற சாமானா? காலில் கீறுகிற செமாலு, மலாய்க்காரர்கள் இதற்குச் சொல்கிற பெயர். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு விஷயம் இருக்கிறது அண்ணே.

ஒன்று, முற்றின செடியின் தண்டு தரையோடு தரையாக ஓடும், ஆணிவேர் ஆழத்தில். தோண்டும்போது அறுந்துவிடும். பிழைத்தாலும் வாரக்கணக்கில் தொங்கிக் கிடக்கும்.

இரண்டு, ரோட்டோர மண்ணில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? என் பெரியம்மா தோட்டத்தில் மருந்துத் தோம்பு முதுகில் தூக்கியவர். முகத்தில் ஒரு துண்டு, கையில் உறை இல்லை, நாள் பூராவும் அதே வேலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அவர் காலத்தில் அது தண்ணீர் மாதிரி புழங்கியது. அவர் நகங்கள் இன்றைக்கும் நேராக வளர்வதில்லை. குழந்தை கை வைத்து விளையாடப் போகிற செடிக்கு அந்த மண் வேண்டாம்.

அப்புறம், செமாலு என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஆற்றோரத்தில் ஆள் உயரத்துக்குமேல் புதராக நிற்பது வேறு, பெரிய செமாலு. அதன் முள் சட்டையைக் கிழிக்கும். வேலி ஓரத்தில் கொடி மாதிரி ஏறி வளைந்த முள்ளால் பிடித்து இழுப்பது இன்னொன்று. இரண்டும் தொட்டால் மூடும்தான், ஆனால் வீட்டுக்குள் வைக்கிற சாதி இல்லை. சட்டிக்கு ஏற்றது ரோஸ் நிறத்தில் உருண்டைப் பூ விடும் சின்னது மட்டும்.

மார்ச் 3

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை: சின்னதற்கும் முள் உண்டு. ஆட்டுக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிமோசின் என்ற நஞ்சு இதில் இருக்கிறது, கட்டுக்கட்டாக அறுத்துப் போட வேண்டாம். தோட்டத்து ஆடுகள் மேய்ச்சலில் ஒரு வாய் கடித்துவிட்டு நகரும், அது வேறு.

மார்ச் 15

பத்தாவது மாடியில் செடி வெளுத்து நீண்டுவிட்டது என்று படம் வந்திருக்கிறது. வெளிச்சம் போதாது தம்பி. ஜன்னல் வெளிச்சம் மனிதனுக்குப் போதும், இதற்குப் போதாது. திறந்த வெட்டவெளியில் காய்ந்து வளர்கிற பயல். பால்கனியில் நேர் வெயில் படும் இடத்தில் வையுங்கள். முளைக்க வைப்பது ஒரு ராத்திரி வெந்நீர் வேலை, எல்லாரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். சட்டிச் செடி சாவது பெரும்பாலும் இருட்டிலும் ஈரத்திலும்தான்.

இன்னொன்று, பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மூடின இலை வெயிலைப் பிடிக்காது. மூடித் திறக்கவும் செடிக்குச் செலவு இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தொட்டுத் தொட்டுக் காட்டினால் நாற்று தேறாது. நாலைந்து இலை வரும்வரை பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

மார்ச் 23

ஒரு வேடிக்கை. ரவாங் பாப்பாவைப் பார்த்து நானும் ஒரு சட்டி போட்டேன், வீட்டம்மா சிரிக்கச் சிரிக்க. பகலில் வாசலில், ராத்திரி ஹாலில். ஹாலில் கொண்டுவந்து வைத்த புதிதில் ஃபேனைப் போட்டதும் மொத்தச் செடியும் கும்பிட்டு உட்கார்ந்துவிடும். இப்போது சாயங்காலம் ஃபேன் ஓடும்போதே இலையை விரித்துக்கொண்டு நிற்கிறது. இலை கெட்டியாகிவிட்டதோ என்று விரலால் தட்டினேன். சட்டென்று மூடியது. ஃபேன் காற்றுக்கு மூடுவதில்லை, விரலுக்கு மூடுகிறது.

ஃபேனைப் பழகிக்கொண்டதா?

மார்ச் 24

பழகுவது பற்றிப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தெஃபோன்தேன் என்ற தாவரவியலாளர் தொட்டாற்சிணுங்கிச் சட்டிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிவர ஒரு மாணவனை அனுப்பினார். கல் பாவிய ரோடு. வண்டி குலுங்கியதும் எல்லாம் மூடிக்கொண்டன. போகப் போக, வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திறந்தன.

கிட்ட நடந்த சோதனை 2014-இல் வெளியானது. மோனிகா காக்லியானோவும் கூட இருந்தவர்களும் சட்டியைப் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் மூடிய செடிகள் சீக்கிரத்திலேயே மூடுவதை நிறுத்தின. களைத்துப்போயிருக்குமோ என்று வேறு விதமாகக் குலுக்கினார்கள், உடனே மூடின. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழவிட்டபோதும் மூடவில்லை. அதை நினைவு என்றே அவர்கள் எழுதினார்கள். அதை ஒத்துக்கொள்ளாத விஞ்ஞானிகளும் உண்டு. களைப்பைச் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை என்பது அவர்கள் வாதம்.

மார்ச் 24, இரவு

நம்ம ஊரில் குதிரை வண்டி உண்டா என்று கேட்கும் கிள்ளான் அண்ணனுக்கு: ஆமாம், உண்டு, அதன் பெயர் கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். என் அக்கா மகன் ஒரு சட்டியை முன் கூடையில் வைத்துத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்டி வந்தான். கிளம்பும்போது குச்சி குச்சியாக மூடிய செடி வீட்டு வாசலில் இறக்கும்போது பாதி விரிந்திருந்தது. ஆனால் இதை நம்பி எதுவும் சொல்ல மாட்டேன். பெரிய ரோட்டுக்கு ஏறியபின் குலுக்கலே இல்லை என்று அவனே சொல்கிறான்.

ஏப்ரல் 6

"ஃபேன் விஷயத்தில் முடிவு என்ன?" என்று தைப்பிங் அக்கா விடவில்லை.

முடிவு சொல்கிற நிலையில் இல்லை அக்கா. இரண்டு நாள் ஃபேன் போடாமல் விட்டு மறுபடி போட்டேன், அப்போதும் மூடவில்லை. அதை வைத்து நினைவிருக்கிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஹாலில் சாயங்கால வெளிச்சம் வேறு, காலையில் வாசலில் வீசும் காற்று வேறு. வாசல் காற்றிலேயே பழகியிருக்கலாம். ஒரே மாதிரி வளர்ந்த இரண்டு சட்டி வேண்டும், ஒன்று ஃபேன் பார்க்காமல் வளர வேண்டும். பாப்பாவுக்கு நல்ல சோதனை இது. பச்சைப்பயறு போட்டவர்கள் யாரும் இதைச் செய்ய முடியாது.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. தீம்பாரில், அதாவது தோட்டத்து மரங்களுக்கு நடுவே, ஆயிரக்கணக்கில் மிதித்து நடந்தபோது இதில் எதையும் நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாச் செடியும் ஒரே செடி. ஒன்றை விதையிலிருந்து கொண்டுவந்தால்தான், நேற்று இது இப்படிச் செய்யவில்லையே என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏப்ரல் 19

எப்படி மூடுகிறது என்று பாப்பாவே கேட்டிருக்கிறாள். நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் இலைக் காம்பு தண்டோடு சேருமிடத்தைப் பாரம்மா. கொஞ்சம் தடித்துக் கணு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதே மாதிரி பொடியாக ஒன்று உண்டு. அங்குள்ள செல்கள் தண்ணீர் நிரம்பி விறைப்பாக நிற்பதால்தான் இலை தூக்கி நிற்கிறது. தொட்டதும் ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியே ஓடும், பின்னாலேயே தண்ணீரும் ஓடும். அந்தப் பக்கம் தொய்ந்து, இலை மடங்கும். திரும்பத் தண்ணீரை ஏற்றி நிமிரப் பத்து இருபது நிமிடம் ஆகும். தசை இல்லை, நரம்பு இல்லை.

நுனிச் சிற்றிலையை மட்டும் மெதுவாகத் தட்டிப் பார். ஜோடி ஜோடியாக நுனியிலிருந்து அடிக்கு மூடிக்கொண்டு வரும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் பக்கத்து இறகுக்கும் தாவும், கடைசியில் மொத்தக் காம்பும் கீழே விழும். அந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பதில்தான் பெரிய சண்டை. மின்சாரம்தான் என்றார் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். அதற்காகவே நுட்பமான கருவிகள் செய்தார். 1914-இல் இங்கிலாந்து போனபோது செடிகளையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார். 1916-இல் ரிக்கா என்ற இத்தாலியர் தண்டை வெட்டி, நடுவில் தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து இணைத்தார். செய்தி அப்போதும் தாண்டிப் போனது. அப்படியானால் ஏதோ ஒரு ரசாயனமும் ஓடுகிறது என்பது அவர் கட்சி. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது.

எதற்காக மூடுகிறது என்பதற்கு 2022-இல் ஜப்பானில் நல்ல பதில் கிடைத்தது. அந்தக் கணுவே இல்லாத, மூட முடியாத தொட்டாற்சிணுங்கியை ஆய்வகத்தில் உருவாக்கி, சாதாரணச் செடியோடு வைத்து வெட்டுக்கிளியை விட்டார்கள். மூட முடியாததைத்தான் அதிகம் தின்றது. கடிபட்ட இடத்திலிருந்து கால்சியம் அலை ஓடுவதை ஒளிரவைத்துப் படம் பிடித்தார்கள், கூடவே மின் அலையும் ஓடுவதை அளந்தார்கள். வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. வெட்டுக்கிளிக்குச் சாப்பாட்டைப் பறிக்கிற வேலை.

ஏப்ரல் 20

ராத்திரியில் யாரும் தொடாமலே மூடுவது ஏன் என்பது தனிக் கதை. 1729-இல் தெ மெரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு செடியை வெயிலே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். தொட்டாற்சிணுங்கிதான் அது என்று கருதுகிறார்கள். இருட்டிலும் பகலில் திறந்தது, இரவில் மூடியது. உடம்புக் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சிக்கே அதுதான் தொடக்கம். பாப்பா அலமாரிக்குள் வைத்துப் பார்க்கலாம், ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம்.

மே 11

பினாங்கு அண்ணன் தொழுகண்ணி விதை தபாலில் அனுப்பியிருக்கிறார். சித்தர் மூலிகைப் பேச்சில் அழுகண்ணி தொழுகண்ணி என்று ஜோடியாகச் சொல்வார்களே, அதில் இரண்டாவது. அழுகண்ணி என்று காட்டப்படுவது இலையில் பசைத்துளி சுரந்து பூச்சி பிடிக்கிற செடி. தொழுகண்ணி நம்ம அவரைக் குடும்பம், ஆகவே அதே வெந்நீர், அதே உப்புத்தாள். ஆனால் ரொம்ப மெதுவான பயல். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு பல வாரம் காத்திருக்க வேண்டும்.

மே 12

விதை இல்லாதவர்கள் வீட்டில் பெலிம்பிங் மரம் இருந்தால் கிளையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு நின்று பாருங்கள். நட்சத்திரப்பழ மரத்தின் சிற்றிலைகளும் அதிர்ச்சிக்குத் தொங்கும், ராத்திரி மடங்கும். மெதுவாகத்தான் நடக்கும், பொறுமை வேண்டும். அதே குடும்பத்தில் சாண் உயரத்துக்கும் குறைவாக ஒரு செடி உண்டு. மலையாளிகள் தசபுஷ்பத்தில் சேர்க்கிற முக்குற்றி. பார்க்கக் குட்டிச் செம்பனைதான்: ஒற்றைத் தண்டு, உச்சியில் வட்டமாக இலை, நடுவில் மஞ்சள் பூ. தொட்டால் இலை மடங்கும். காய் முற்றினால் விதையைத் தானே தெறித்துவிடும், அதனால் பக்கத்துச் சட்டிகளில் எல்லாம் முளைக்கும். வீட்டுக்குள் வைக்க எனக்குக் கேட்டால் இதுதான் முதல், தொட்டாற்சிணுங்கி இரண்டாவது. முள் கிடையாது, நிழலையும் கொஞ்சம் தாங்கும்.

ஜூன் 21

ரவாங்கில் பூத்துவிட்டது. எனக்கும்தான்.

பூ ஒரு நாள் கூத்து. அதைவிடக் காயைக் கவனியுங்கள். கொத்தாக, தட்டையாக, ஓரமெல்லாம் சொரசொரவென்று முள்மயிர். பழுத்ததும் காய் வெடிக்காது. ஒரு விதைக்கு ஒரு துண்டாகக் கழன்று விழும், முள் ஓரச் சட்டம் மட்டும் காம்பிலேயே நிற்கும். கழன்ற துண்டு கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். அறுவடை வேண்டுமானால் காய் பழுப்பாகும்போதே கொத்தோடு வெட்டிக் காகித உறையில் போடுங்கள். முள் குத்தும், கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள்.

பூத்தபின் செடி கால் பரப்பி அசிங்கமாகிவிடும். வெட்டிவிட்டால் துளிர்க்கும், ஆனால் பழைய கம்பீரம் வராது. புது விதை போடுவதே மேல்.

ஜூலை 5

தொழுகண்ணி ஒன்று தேறிவிட்டது! ஒவ்வோர் இலைக்கும் பெரிய சிற்றிலை ஒன்று, அடியில் அரிசி மாதிரி இரண்டு பொடிச் சிற்றிலை. அந்தப் பொடிகள்தான் ஆடுகின்றன. நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. ஒன்று ஏறும், ஒரு துள்ளலோடு நிற்கும், வளைந்து இறங்கும். ஒரு சுற்றுக்குச் சில நிமிடம். தொடவே வேண்டாம், சூடு இருந்தால் போதும். டார்வின் 1880-இல் செடிகளின் அசைவு பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 7

இது பாட்டுக்கு ஆடும் என்கிறார் பினாங்கு அண்ணன். மின்னல் எஃப்எம் வானொலி வைத்துப் பார்த்தேன், ஆடியது. அணைத்தேன், அப்போதும் ஆடியது. செய்தி வாசித்தபோதும் ஆடியது. மத்தியானச் சூட்டில் வேகம், மழை பெய்து குளிர்ந்தபோது மந்தம். அண்ணன் விடவில்லை, நாதஸ்வரம் வைத்துப் பாருங்கள் என்கிறார். வைக்கலாம். ஆனால் நீங்களே உங்கள் வீட்டில், மழை விட்ட சாயங்காலத்தில் வைத்துப் பாருங்கள் அண்ணே, பன்னிரண்டு மணி வெயிலில் வேண்டாம். ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.